நெகட்டிவ் ஆகாத அந்த ஒரு வரி

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனக்கு வரும் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் நான் முதலில் தேடுவது இரண்டு வரிகளை. ஒன்று ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் டிஎன்ஏ அளவு. 11 ஆண்டுகளாக அதற்கு நேரே 'கண்டறியப்படவில்லை' என்றே அச்சாகி வருகிறது. மற்றொன்று வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென். மருத்துவர்கள் பேச்சில் எச்பிஎஸ்ஏஜி. அது இந்த 11 ஆண்டுகளில் ஒருமுறைகூட நெகட்டிவ் ஆனதில்லை. வைரஸ் இரத்தத்தில் இல்லை என்று ஒரு வரியும், அந்த வைரஸ் செய்யும் புரதம் இருக்கிறது என்று இன்னொரு வரியும் ஒரே தாளில் எப்படி இடம்பெற முடியும் என்ற கேள்விதான் என்னை இந்த நோயைப் பற்றிப் படிக்க வைத்தது.

நான் மருத்துவன் அல்ல. பிறக்கும்போதே தாயிடமிருந்து இந்தத் தொற்றைப் பெற்றவன். அவருக்கும் அது இருந்தது என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் அப்போது தெரியாது. இளம் வயதில் முதன்முதலாக இது தெரியவந்தபோது ஒரு மருத்துவர், "நீங்கள் வெறும் கேரியர்தான், கவலைப்பட ஒன்றுமில்லை, செய்வதற்கும் ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கவலைப்பட ஒன்றுமில்லை என்ற அந்தச் சொல்லை நம்பி நான் பல ஆண்டுகள் பரிசோதனையே செய்துகொள்ளாமல் இருந்தேன். பிறகு கல்லீரல் நொதிகள் உயர்ந்து, தழும்பு படியத் தொடங்கியிருப்பது தெரிந்த பின்னரே சிகிச்சைக்குள் வந்தேன். இன்று தினமும் இரவில் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. அந்த மாத்திரைக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் அது செய்வது என்ன, செய்யாதது என்ன என்பது சரியாகத் தெரிந்தால்தான், அதனோடு நோயெதிர்ப்புச் சிகிச்சையைச் சேர்க்க உலகெங்கும் நடக்கும் முயற்சிகளின் பொருள் விளங்கும்.

இந்த வைரஸின் மரபணு மிகச் சிறியது. ஏறத்தாழ 3,200 எழுத்துகள் கொண்ட, முழுமை பெறாத ஒரு டிஎன்ஏ வட்டம். கல்லீரல் செல்லுக்குள் நுழைந்ததும் அது உட்கருவுக்குள் சென்று, தன் இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு, முழுவதும் மூடிய வட்டமாகிவிடுகிறது. ஆய்வாளர்கள் இதைச் சிசிசிடிஎன்ஏ என்பார்கள். இந்த வட்டம்தான் நோயின் மூலப்படி. இதிலிருந்து ஆர்என்ஏ நகல்கள் எடுக்கப்படுகின்றன. அந்த ஆர்என்ஏவிலிருந்து ஒருபுறம் வைரஸின் புரதங்கள் உருவாகின்றன, மறுபுறம் ஆர்என்ஏவை மீண்டும் டிஎன்ஏவாக எழுதும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியின் வழியே புதிய வைரஸ்களுக்கான மரபணு தயாராகிறது. 1998இல் வந்த லாமிவுடின் தொடங்கி, 2005இல் வந்த என்டெகாவிர், அதன்பின் வந்த டெனோஃபோவிர் வரை நாங்கள் விழுங்கும் எல்லா மாத்திரைகளும் இந்தக் கடைசிப் படியை மட்டுமே அடைக்கின்றன. புதிய மரபணு எழுதப்படுவதில்லை. ஆகவே இரத்தத்தில் வைரஸ் டிஎன்ஏ தென்படுவதில்லை. ஆனால் உட்கருவில் உள்ள வட்டம் அங்கேயே இருக்கிறது, அதிலிருந்து ஆர்என்ஏ வந்துகொண்டிருக்கிறது, ஆர்என்ஏவிலிருந்து புரதமும் வந்துகொண்டிருக்கிறது. என் அறிக்கையின் இரண்டு வரிகளுக்கும் இடையில் முரண்பாடு எதுவும் இல்லை என்று அன்றுதான் புரிந்தது.

இதற்குமேல் இன்னொரு சிக்கலும் உண்டு. வைரஸின் டிஎன்ஏ துண்டுகள் நம் சொந்தக் குரோமோசோம்களுக்குள்ளும் ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிய துண்டுகளிலிருந்து முழு வைரஸ் பிறக்க முடியாது. ஆனால் மேற்பரப்பு ஆன்டிஜென் பிறக்க முடியும். நோயாளியின் இரத்தத்தில் முழு வைரஸ்களைவிட, மரபணு எதுவும் இல்லாத, வெறும் மேற்பரப்புப் புரதத்தாலான வெற்றுத் துகள்கள் ஆயிரம் மடங்கிலிருந்து ஒரு லட்சம் மடங்கு வரை அதிகமாக மிதக்கின்றன. எந்தத் தொற்றையும் ஏற்படுத்த முடியாத இத்தனை துகள்களை வைரஸ் ஏன் செய்ய வேண்டும்? நோயெதிர்ப்பு மண்டலத்தைத் திசைதிருப்பவும், சோர்வடைய வைக்கவும் அவை உதவுகின்றன என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகள் இந்த வெற்றுத் துகள்களில் ஒட்டியே தீர்ந்துவிடுகின்றன.

மாத்திரையை மட்டும் உண்பவர்களில் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நிகழ்கிறது. எனவே பெரும்பாலோருக்கு இது வாழ்நாள் மாத்திரை. கல்லீரலில் தழும்பு முற்றிய நிலையான சிரோசிஸை அது தடுக்கிறது, ஏற்கெனவே படிந்த தழும்பைக்கூடக் கரைக்கிறது, கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கணிசமாகக் குறைக்கிறது. முற்றிலும் நீக்குவதில்லை. ஆன்டிஜெனும் மறைந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு மேலும் குறைகிறது என்பதால்தான், சிகிச்சை எதையும் எடுக்காத நிலையில் 24 வாரங்கள் கடந்த பிறகும் வைரஸ் டிஎன்ஏவும் மேற்பரப்பு ஆன்டிஜெனும் இரத்தத்தில் இல்லாதிருப்பதை 'செயல்பாட்டுக் குணம்' என்று வரையறுத்து, அதையே இப்போதைய இலக்காக வைத்திருக்கிறார்கள். அந்த நிலையிலும் கல்லீரலின் சில செல்களில் மூடிய வட்டம் மிச்சமிருக்கும். ஆனால் உடலே அதைக் காவல் காக்கும்.

உடலால் அப்படிக் காவல் காக்க முடியுமா என்றால், முடியும் என்பதற்குச் சான்றுகள் ஏராளம். வயது வந்த பின் இந்தத் தொற்றைப் பெறுவோரில் நூற்றுக்கு 95 பேருக்கும் மேல் எந்த மருந்தும் இல்லாமலேயே அதிலிருந்து விடுபடுகிறார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் வைரஸ் ஒன்றுதான். அதை எதிர்கொண்ட வயதுதான் வேறு. பிறக்கும்போது தொற்றுபவர்களில் 90 விழுக்காட்டினருக்கு அது நாள்பட்டதாகிவிடுகிறது. நோயிலிருந்து விடுபட்டுப் பல்லாண்டு கழிந்த ஒருவருக்கு, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் போன்ற நோய்க்காக, ஆன்டிபாடி செய்யும் பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து கொடுக்கப்பட்டால், உறங்கிக் கிடந்த வைரஸ் மீண்டும் கிளர்ந்தெழக்கூடும். இதனால் 2013இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்த வகை மருந்துகளுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. காவலை விலக்கினால் கைதி வெளியே வருகிறான் என்றால், இதுவரை காவல் இருந்திருக்கிறது என்றுதானே பொருள். இதற்கு மறுதலையான சான்று என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் பி உள்ள சிலருக்கு வேறு நோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்று செய்தபோது, மஜ்ஜையைக் கொடுத்தவர் இந்த வைரஸுக்கு எதிரான ஆற்றலை ஏற்கெனவே பெற்றவராக இருந்த இடங்களில், பெற்றுக்கொண்டவரின் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்ததை 1990களில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கல்லீரல் அதே கல்லீரல், உள்ளிருந்த வைரஸும் அதே வைரஸ். நோயெதிர்ப்பு செல்கள் மட்டும் புதியவை.

அப்படியானால் எங்கள் செல்கள் ஏன் வாளாவிருக்கின்றன? முதல் காரணம் உறுப்பிலேயே இருக்கிறது. குடலிலிருந்து வரும் இரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. உணவின் ஆயிரம் அந்நியப் பொருள்களையும் குடல் நுண்ணுயிரிகளின் எச்சங்களையும் ஓயாமல் சந்திக்கும் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் சீறினால் தன்னையே அழித்துக்கொள்ளும். ஆகவே கல்லீரலின் இயல்பே பொறுத்துப்போவது. அந்தப் பொறுமையின் நிழலில் வைரஸ் தங்கிவிடுகிறது. இரண்டாவது காரணம், வைரஸ் உள்ள செல்களைத் தாக்க வேண்டிய டி செல்கள், ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் ஆன்டிஜெனைச் சந்தித்துக் களைத்துப்போகின்றன. ஆய்வாளர்கள் இதற்குக் களைப்பு என்ற சொல்லையே பயன்படுத்துகிறார்கள். களைத்த டி செல்லின் மேல் பிடி-1 போன்ற தடைப் புரதங்கள் நிறையத் தோன்றுகின்றன. அவற்றைத் தொட்டு 'நிறுத்து' என்று சொல்லும் இணைப்புரதங்கள் கல்லீரலில் ஏராளமாக உள்ளன. எண்ணிக்கையிலும் அந்த டி செல்கள் குறைந்து, மிஞ்சியவையும் வீரியம் இழந்து நிற்கின்றன. மேற்பரப்பு ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடி செய்ய வேண்டிய பி செல்களுக்கும் ஏறக்குறைய இதே கதி.

கூட்டுச் சிகிச்சையின் தருக்கம் இங்கேதான் பிறக்கிறது. பல ஆண்டுகள் படித்த பிறகு நான் அதை இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன்: இது இரண்டு மருந்துகளின் பலத்தைக் கூட்டும் கணக்காக இல்லாமல், வரிசையின் கணக்காக இருக்கிறது. முதலில் வைரஸ் பெருகுவதை நிறுத்த வேண்டும். அடுத்து ஆன்டிஜெனின் வெள்ளத்தை வடிக்க வேண்டும். அதன் பின்னரே டி செல்களையும் பி செல்களையும் எழுப்ப வேண்டும். வெள்ளம் வடியுமுன் எழுப்பப்பட்ட செல் மீண்டும் அதே வெள்ளத்தில் மூழ்கிக் களைக்கும். வெள்ளத்தை மட்டும் வடித்துவிட்டு எழுப்பாமல் விட்டால், மருந்தை நிறுத்தியதும் நீர் மறுபடி ஏறும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோற்ற ஆய்வுகளையும் ஓரளவு வென்ற ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் இந்த வரிசையின் சாயல் தெரிகிறது.

இந்தக் கூட்டின் மிகப் பழைய வடிவம் இன்டர்ஃபெரான். நம் உடலே வைரஸ்களுக்கு எதிராகச் சுரக்கும் புரதம் அது. 1990களின் தொடக்கத்திலேயே ஹெப்படைட்டிஸ் பி சிகிச்சைக்கு வந்துவிட்டது. வாரம் ஒருமுறை போடும் பெக்இன்டர்ஃபெரான் பிற்பாடு வந்தது. மாத்திரைக்கு முன்பு நானும் 48 வாரங்கள் அதைப் போட்டுக்கொண்டேன். ஊசி போட்ட இரவுகளில் காய்ச்சலும் நடுக்கமும், அடுத்த இரண்டு நாள் உடல் வலியும், மாதங்கள் செல்லச் செல்லக் காரணமில்லாத மனச்சோர்வும் வந்தன. இரத்தத் தட்டணுக்கள் குறைந்ததால் இடையில் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது. வைரஸின் அளவு இறங்கியது, பிறகு திரும்ப ஏறியது. அந்த ஆண்டை வீணான ஆண்டு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அன்று எனக்கு அந்த ஊசி தனியாகக் கொடுக்கப்பட்டது. ஆன்டிஜென் மிக உயர்ந்திருந்திருக்கக்கூடிய வேளையில் கொடுக்கப்பட்டது. 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 740 நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு டெனோஃபோவிர் மட்டும் தொடர்ந்து, சிலருக்கு பெக்இன்டர்ஃபெரான் மட்டும் 48 வாரங்கள், சிலருக்கு இரண்டையும் சேர்த்து 48 வாரங்கள் கொடுத்தார்கள். 72ஆம் வாரத்தில் ஆன்டிஜென் மறைந்தோர் டெனோஃபோவிர் மட்டும் எடுத்தவர்களில் ஒருவர்கூட இல்லை. இன்டர்ஃபெரான் மட்டும் எடுத்தவர்களில் 2.8 விழுக்காடு, இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 9.1 விழுக்காடு. நூற்றுக்கு ஒன்பது என்பது சிறிய எண்தான். ஆனால் சேர்க்கை தனித்தனி மருந்துகளின் கூட்டுத்தொகையையும் தாண்டியது என்பதை அந்த எண் காட்டியது.

ஆன்டிஜென் வெள்ளத்தை வடிக்கும் வேலைக்கு இப்போது ஆர்என்ஏவைக் குறிவைக்கும் மருந்துகள் வந்திருக்கின்றன. மாத்திரை தொடாத படியை இவை தொடுகின்றன: வைரஸின் ஆர்என்ஏ நகல்களையே சிதைத்துவிடுவதால் புரதம் உருவாவதே குறைகிறது. இவற்றில் சிறுகுறுக்கீட்டு ஆர்என்ஏ என்ற வகை ஒன்று, ஆன்டிசென்ஸ் என்ற வகை மற்றொன்று. தொடக்க கால மருந்தான ஏஆர்சி-520 எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே சில நோயாளிகளில் வேலை செய்தது. ஏன் என்று துருவியபோதுதான், இ-ஆன்டிஜென் என்ற வைரஸின் இன்னொரு புரதம் நெகட்டிவாக உள்ளவர்களின் மேற்பரப்பு ஆன்டிஜெனில் பெரும்பகுதி குரோமோசோமில் ஒட்டிய துண்டுகளிலிருந்து வருகிறது என்பதும், அந்தத் துண்டுகளின் ஆர்என்ஏவில் மருந்து குறிவைத்த பகுதியே இல்லை என்பதும் தெரியவந்தது. தோற்ற மருந்து ஒன்று நோயைப் பற்றி இவ்வளவு பெரிய உண்மையைக் கற்றுக்கொடுத்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அடுத்து வந்த மருந்துகள் எல்லா ஆர்என்ஏக்களுக்கும் பொதுவான பகுதியைக் குறிவைத்து வடிவமைக்கப்பட்டன. அவை எல்லோரிடமும் ஆன்டிஜெனை இறக்கின.

ஆனால் இறக்கினால் போதுமா? ரீஃப்-2 என்ற ஆய்வு இதற்கு விடை சொன்னது. சிறுகுறுக்கீட்டு ஆர்என்ஏ மருந்து ஒன்றையும், வைரஸின் உறை கூடுவதைக் குலைக்கும் மருந்து ஒன்றையும் வழக்கமான மாத்திரையோடு சேர்த்து 48 வாரங்கள் கொடுத்து, பிறகு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஆன்டிஜென் நன்றாக இறங்கியது. செயல்பாட்டுக் குணம் அடைந்தவர் ஒருவரும் இல்லை. மூன்று மருந்துகளும் வைரஸைத்தான் தாக்கின. உடலை எழுப்ப அதில் எதுவும் இல்லை. நீரை வடித்தார்கள், காவலரை எழுப்பவில்லை என்று எனக்குத் தோன்றியது.

பெபிரோவிர்சென் என்ற ஆன்டிசென்ஸ் மருந்தின் முடிவு இதிலிருந்து வேறுபட்டது. 2022இல் வெளியான பி-கிளியர் ஆய்வில், வாரம் ஒருமுறை 300 மில்லிகிராம் வீதம் 24 வாரங்கள் ஊசி போட்டவர்களில், மருந்தை முடித்து மேலும் 24 வாரங்கள் சென்ற பிறகும் ஆன்டிஜெனும் டிஎன்ஏவும் இல்லாதிருந்தவர்கள், மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த குழுவில் 9 விழுக்காடு, எடுக்காத குழுவில் 10 விழுக்காடு. ஆர்என்ஏவைச் சிதைப்பதோடு, டிஎல்ஆர்8 என்ற உள்ளார்ந்த எச்சரிக்கை ஏற்பியையும் இந்த மருந்து ஓரளவு தூண்டுவதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒரே மருந்துக்குள் வடிப்பதும் எழுப்புவதும் சேர்ந்திருக்கின்றனவோ என்ற எண்ணம் இதனால் எழுகிறது.

எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது 2024 இறுதியில் வெளியான பிராங்கா ஆய்வு. அதில் பங்கேற்ற எல்லோரும் ஏற்கெனவே மாத்திரையால் வைரஸ் அடங்கியவர்கள், என்னைப் போல. அவர்களைப் பல குழுக்களாகப் பிரித்து 48 வாரங்கள் சிகிச்சை அளித்தார்கள். சிகிச்சை முடிந்து 24 வாரங்களுக்குப் பின் ஆன்டிஜென் மறைந்திருந்தவர்கள், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் எவரும் இல்லை. சால்நெசிரான் என்ற ஆர்என்ஏ மருந்தை மட்டும் மாத்திரையோடு சேர்த்தவர்களில், அளவைப் பொறுத்து 3 அல்லது 7 விழுக்காடு. சால்நெசிரானோடு டிஎல்ஆர்7 ஏற்பியைத் தூண்டும் மருந்தையும் சேர்த்தவர்களில் 12 விழுக்காடு. சால்நெசிரானோடு பெக்இன்டர்ஃபெரானைச் சேர்த்தவர்களில் 23 விழுக்காடு. படிக்கட்டு போல ஏறும் இந்த எண்களை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தேன். நான் கசப்போடு நினைத்துக்கொண்டிருந்த அதே பழைய இன்டர்ஃபெரான், வெள்ளம் வடிந்த கல்லீரலில், கிட்டத்தட்ட நால்வரில் ஒருவருக்குப் பயன்பட்டிருக்கிறது. ஒரு குறிப்பை மட்டும் இங்கே விடாமல் சொல்ல வேண்டும். ஆன்டிஜென் மறைந்தவர்கள் எல்லோரும், தொடக்கத்திலேயே அதன் அளவு ஒரு மில்லி லிட்டருக்கு 1,000 யூனிட்டுக்குக் கீழே இருந்தவர்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் ஒருவருக்கும் அது நிகழவில்லை. ஒவ்வொரு குழுவிலும் இருந்தவர்கள் சில பத்துப் பேர்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

டி செல்களை நேரடியாக எழுப்பும் வழிகள் இரண்டு. ஒன்று சிகிச்சைத் தடுப்பூசி. நோயைத் தடுக்கப் போடும் தடுப்பூசி எங்களைப் போன்றவர்களுக்கு உதவாது; எங்கள் உடல் அந்த ஆன்டிஜெனைப் பிறந்ததிலிருந்தே பார்த்துச் சலித்திருக்கிறது. ஆகவே வைரஸின் உட்கூட்டுப் புரதம் உள்ளிட்ட வேறு பகுதிகளையும் சேர்த்து, வலுவான ஊர்தியில் ஏற்றிக் கொடுக்க முயல்கிறார்கள். மற்றொன்று, பிடி-1 தடையை விலக்குவது. புற்றுநோய்ச் சிகிச்சையை மாற்றியமைத்து, ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபெல் பரிசைப் பெற்றுத்தந்த அதே கண்டுபிடிப்பின் தொடர்ச்சி இது. ஈஸ்ட்டைக் கொண்டு செய்யப்பட்ட ஜிஎஸ்-4774 என்ற தடுப்பூசி தனியாகக் கொடுக்கப்பட்டபோது ஆன்டிஜெனை அசைக்கவில்லை. நிவோலுமாப் என்ற பிடி-1 தடுப்பு மருந்தை, புற்றுநோய்க்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில், ஒரே ஒருமுறை, வைரஸ் அடங்கிய 24 பேருக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு 2019இல் வெளியானது; அவர்களில் ஒருவருக்கு ஆன்டிஜென் மறைந்து, மறைந்தே இருந்தது. அந்த ஒருவரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கதவு பூட்டப்படவில்லை என்பதற்கு அவர் ஒருவரே சாட்சி. இதற்கு முன்பே, மனித வைரஸுக்கு நெருங்கிய உறவான வைரஸைச் சுமக்கும் உட்சக் என்ற கொறிவிலங்குகளில், என்டெகாவிர், டிஎன்ஏ தடுப்பூசி, பிடி-1 தடையை விலக்கும் ஆன்டிபாடி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது, மாத்திரையை நிறுத்திய பிறகும் சிலவற்றில் வைரஸ் அடங்கியே இருந்தது என்று 2014இல் காட்டியிருந்தார்கள். பிற்பாடு தடுப்பூசியையும் குறைந்த அளவு நிவோலுமாபையும் சேர்த்து மனிதர்களில் சோதித்தார்கள்; அங்கும் ஆன்டிஜென் குறைவாக இருந்தவர்களிடமே மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. டிஎல்ஆர் ஏற்பிகளைத் தூண்டும் மாத்திரைகள் தனியாகப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை என்பதால் அவற்றைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை.

அச்சம் தரும் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் தானாகக் கல்லீரல் செல்லைக் கொல்வதில்லை. வைரஸ் உள்ள செல்லை நம் நோயெதிர்ப்பு மண்டலம் தாக்குவதால்தான் கல்லீரல் காயப்படுகிறது. அப்படியென்றால் அந்த மண்டலத்தை எழுப்புவது நெருப்போடு பழகுவது. சிகிச்சையின்போது கல்லீரல் நொதிகள் திடீரென உயர்வதை மருத்துவர்கள் ஃபிளேர் என்கிறார்கள். அளவான ஃபிளேர் உடல் விழித்ததற்கான நல்ல அறிகுறியாக இருக்கலாம். அளவு மீறியது கல்லீரலையே செயலிழக்கச் செய்யலாம். தழும்பு முற்றிய சிரோசிஸ் நோயாளிகளை இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம். பிடி-1 தடையை விலக்கும் மருந்துகள் தைராய்டு, குடல், நுரையீரல் என எந்த உறுப்பின் மீதும் உடலைத் திருப்பிவிடக்கூடும். புற்றுநோயால் உயிருக்குப் போராடும் ஒருவருக்கு அந்த ஆபத்தை ஏற்பது நியாயம். ஒரு மாத்திரையில் நலமாக வாழும் என்னைப் போன்றவருக்கு அதே ஆபத்து நியாயமா என்ற கேள்வி எளிதில் தீர்க்கக்கூடியது அல்ல. 1993இல் ஃபியாலூரிடின் என்ற மாத்திரையின் ஆய்வில் 15 பேர் பங்கேற்றார்கள். மருந்து அவர்கள் செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவை நஞ்சாக்கியதால் ஐவர் இறந்தார்கள், இருவருக்குக் கல்லீரல் மாற்று தேவைப்பட்டது. நோயெதிர்ப்பு மருந்தாக இல்லாவிட்டாலும், இந்த நோய்க்கான எந்தப் புதிய சிகிச்சையும் ஏன் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு கண்காணிப்போடு நகர்கிறது என்பதை அந்த ஏழு பேரும் எனக்கு நினைவூட்டுகிறார்கள்.

இங்கே ஆறுதல் தரும் ஓர் அறிவியல் செய்தியும் இருக்கிறது. சிம்பன்சிகளில் 1999இல் நடந்த ஆய்வு ஒன்றில், கடுந்தொற்றின்போது வைரஸ் டிஎன்ஏவில் 90 விழுக்காட்டுக்கும் மேல், கல்லீரல் காயப்படுவதற்கு முன்பே மறைந்துவிட்டதைக் கண்டார்கள். டி செல்கள் சுரக்கும் காமா இன்டர்ஃபெரானும் அதைப் போன்ற சைட்டோகைன்களும், செல்லைக் கொல்லாமலேயே அதற்குள் இருக்கும் வைரஸைப் பெருமளவு ஒழிக்க முடியும். எழுப்புவது என்றாலே எரிப்பது என்று ஆகிவிடாது. மாத்திரையை விடாமல் எடுத்துக்கொண்டே நோயெதிர்ப்புச் சிகிச்சையைச் சேர்ப்பதன் இன்னொரு பயனும் இதில் அடங்கியிருக்கிறது: புதிதாக வைரஸ் பெருகுவது தடுக்கப்பட்டிருப்பதால், விழித்த செல்கள் ஓயாமல் புதிய தொற்றைத் துரத்திக் கல்லீரலைக் காயப்படுத்தும் வாய்ப்பு குறைகிறது.

இதைப் படிக்கும் சிலருக்கு, மாத்திரையை நிறுத்தினாலும் உடல் விழிக்கும் என்று எங்கோ கேட்ட நினைவு வரலாம். அது பொய்யில்லை. ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், இ-ஆன்டிஜென் நெகட்டிவாக இருந்து, நெடுநாள் வைரஸ் அடங்கியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மாத்திரையை நிறுத்தினார்கள். 96 வாரங்களில் அவர்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு ஆன்டிஜென் மறைந்தது, தொடர்ந்து எடுத்தவர்களில் எவருக்கும் மறையவில்லை. திரும்பி வரும் வைரஸே அங்கு எழுப்பும் மருந்தாகிறது. ஆனால் சிரோசிஸ் இல்லாதவர்களைத் தேர்ந்தெடுத்து, அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் உடனே மாத்திரையைத் திரும்பத் தொடங்கும் ஏற்பாட்டோடு செய்யப்பட்டது அது. வீட்டில் தானாக நிறுத்தியவர்களில் கல்லீரல் செயலிழந்து உயிரிழந்தவர்களும் உண்டு. உங்கள் கையில் இருக்கும் மாத்திரைப் பட்டையை இந்தப் பதிவைப் படித்துவிட்டு ஒதுக்கி வைத்துவிடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் என் மனதை உறுத்துகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 25 கோடியே 40 லட்சம் பேர் நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் பி தொற்றோடு வாழ்ந்தார்கள். அந்த ஓராண்டில் சுமார் 11 லட்சம் பேர் இந்நோயால் இறந்தார்கள். தொற்று இருப்பது கண்டறியப்பட்டவர்கள் நூற்றுக்கு 13 பேர். மாத்திரை கிடைத்தவர்கள் 3 பேர். நாற்பத்தெட்டு வார ஊசிகளும், ஆர்என்ஏ மருந்துகளும், அளவு குறித்த ஆன்டிஜென் பரிசோதனைகளும் சேர்ந்த ஒரு சிகிச்சை நாளை வென்றாலும், இன்றைய எளிய மாத்திரையே எட்டாதவர்களை அது எப்போது எட்டும்? குணத்தைத் தேடும் ஆய்வுக்கு இதை எதிர்வாதமாக நான் சொல்லவில்லை. குறிப்பிட்ட காலத்தில் முடிந்துவிடும் சிகிச்சை ஒன்று வந்தால், வாழ்நாள் முழுதும் மாத்திரை கொடுக்க வசதியில்லாத இடங்களுக்கே அது அதிகம் உதவும். ஆனால் ஆய்வுகளில் சேர்க்கப்படுகிறவர்கள் ஆன்டிஜென் குறைவாக உள்ளவர்கள், ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுத்து வைரஸை அடக்கியவர்கள். அந்தப் படிக்கட்டின் முதல் படி பரிசோதனையும் மாத்திரையும்தான். அந்தப் படியில் ஏறாதவரால் அடுத்த படிக்கு வரவே முடியாது.

சென்ற மாதம் எனக்கு முதன்முறையாக மேற்பரப்பு ஆன்டிஜெனின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அதுவரை எல்லா அறிக்கைகளிலும் பாசிட்டிவ் என்ற ஒரு சொல்தான் இருந்தது. அளவு எவ்வளவு என்று நானும் கேட்டதில்லை, எவரும் சொன்னதும் இல்லை. ஒரு மில்லி லிட்டருக்கு 640 யூனிட் என்று வந்திருக்கிறது. இன்டர்ஃபெரான் போட்ட காலத்தில் அது எத்தனை ஆயிரமாக இருந்திருக்குமோ தெரியாது. பதினோரு ஆண்டு மாத்திரை அதை மெல்ல மெல்ல இந்த இடத்துக்கு இறக்கியிருக்க வேண்டும். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். இன்டர்ஃபெரானை மாத்திரையோடு சேர்த்து மறுபடி முயல என் கல்லீரலின் தழும்பு அனுமதிக்குமா, அல்லது என் போன்றவர்களைச் சேர்க்கும் ஆய்வு ஏதேனும் நடக்கிறதா, அந்த 48 வார மனச்சோர்வை இன்னொருமுறை தாங்க நான் என்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, அந்த அறிக்கையோடு மடித்து வைத்திருக்கிறேன்.